2001 எம்எக்ஸ்-5: கியர் நாப் மாற்றப் போனேன், பாதியில் நிற்கிறது

ஸ்காபுரோ ரோட்ஸ்டர் | ஏப்ரல் 11, இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். போன ஐப்பசியில் ஒரு 2001 மஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கினேன். 1.8 லீட்டர், ஐந்து கியர், துணிக்கூரை. பனிக்காலம் முழுக்க கராஜில் போர்வைக்குள் கிடந்தது. நாளை மறுநாள் ரொறன்ரோவில் நல்ல வெயில் என்கிறார்கள், ரோட்டில் உப்பும் கழுவப்பட்டுவிட்டது. அதற்குள் கியர் நாப்பை, அதாவது லீவரின் தலையில் கை பிடிக்கிற குமிழை, மாற்றிவிடலாம் என்று இன்று பின்னேரம் இறங்கினேன்.

ஏன் மாற்ற வேண்டும் என்றால், முன்பு வைத்திருந்தவர் வலது கையில் மோதிரம் போடுகிறவர் போல. நாப்பின் ஒரு பக்கத்துத் தோல் மட்டும் ஆடு கடித்த மாதிரி இருக்கிறது. கையை வைத்தால் பிசுபிசு. இணையத்தில் ஒரு இரும்பு உருண்டை பார்த்தேன், 50 மி.மீ. விட்டம், கண்ணாடி மாதிரி மினுக்கம். 'எல்லா ஜப்பான் கார்களுக்கும் பொருந்தும்' என்று போட்டிருந்தது. வாங்கிவிட்டேன்.

பழைய நாப்பை இடப்பக்கமாகத் திருகினேன். முதலில் அசையவில்லை. ரப்பர் கையுறை போட்டு இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினதும் 'டக்' என்று விட்டது, பிறகு சுலபமாக வந்துவிட்டது. புதியதை வைத்துத் திருகினால் இரண்டரைச் சுற்று வடிவாகப் போகிறது. அதற்குப் பிறகு இறுக்கம். இன்னும் அரைச் சுற்று பலவந்தமாகப் போட்டேன், நின்றுவிட்டது. இப்போது உருண்டை லீவரின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

கேள்வி இரண்டு. ரெஞ்ச் போட்டு இறுக்கினால் போய்விடுமா? அப்புறம், பாரமான நாப் போட்டால் கியர் சுலபமாக விழும் என்று கதைக்கிறார்கள், உண்மையா?


கடைசல்காரர் கோவை | ஏப்ரல் 12, காலை 8.05

தம்பி, ரெஞ்சைக் கீழே வையுங்கள். முதலில் அந்த உருண்டையைப் பின்னோக்கிக் கழற்றுங்கள். மெதுவாக, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு.

நான் கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். 'இரண்டரைச் சுற்று போகிறது, அப்புறம் இறுக்கம்' என்று யாராவது வந்து சொன்னால் பார்க்காமலேயே சொல்லிவிடலாம்: விட்டம் சரி, பிட்ச் தப்பு. உங்கள் காரின் லீவரில் இருப்பது எம்10, பிட்ச் 1.25. அதாவது மரையின் வெளிவிட்டம் 10 மி.மீ., ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. இறங்கும். நீங்கள் வாங்கியதில் எம்10, பிட்ச் 1.5 வெட்டியிருப்பார்கள். ஹோண்டாவுக்கு அதுதான். சாதாரண வன்பொருள் கடையில் எம்10 நட் கேட்டால் கொடுப்பதும் அதுதான்.

ஒரு சுற்றுக்குக் கால் மில்லி வித்தியாசம். முதல் சுற்றில் மரைக்கும் மரைக்கும் இடையில் இருக்கிற சின்ன இடைவெளி அதை விழுங்கிவிடும். இரண்டாவதில் அரை மில்லி. மூன்றாவதில் முக்கால் மில்லி, அதற்கு மேல் ஒளிய இடமில்லை. ஒன்றின் மேடு இன்னொன்றின் மேட்டில் ஏறி உட்காரும். அங்கே பலம் போட்டால் எது மிருதுவான உலோகமோ அது தோற்கும். நாப் தோற்றால் கடைக்காரரோடு சண்டை. லீவர் தோற்றால் உங்களுக்குச் செலவு.

சோதித்துப் பார்க்க பிட்ச் கேஜ் வேண்டாம். லீவரின் மரை மேல் வெள்ளைத் தாளை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி எடுங்கள். வரி வரியாகப் பதியும். எட்டு இடைவெளியை ஸ்கேலில் அளங்கள். 10 மி.மீ. வந்தால் 1.25. 12 வந்தால் 1.5.


கிள்ளான் 86 | ஏப்ரல் 12, மதியம் 1.30

அண்ணன் சொன்னதுதான். 'எல்லா ஜப்பான் காருக்கும்' என்று ஒரு மரையே கிடையாது. என்னுடையது டொயோட்டா 86, அதில் எம்12, 1.25. அதன் அண்ணன் தம்பியான சுபாரு பிஆர்இசட்டிலும் அதே. நிசான் 350இசட் எம்10, 1.25, அதனால் மஸ்டாவின் நாப் அதில் ஏறும். ஹோண்டா எஸ்2000 எம்10, 1.5. எனக்கு முதலில் வந்த நாப்பில் மரையே இல்லை, பெரிய ஓட்டையும் பக்கவாட்டில் மூன்று கிரப் ஸ்க்ரூவும் (தலையில்லாத சின்னத் திருகாணி) தான். ஆலன் கீ போட்டு இறுக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து சாலைச் சந்திப்பில் இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போட்டேன், நாப் மட்டும் என்னோடு வந்தது. கியர் இரண்டிலேயே இருந்தது. பின்னால் நின்ற லாரிக்காரர் அடித்த ஹார்ன் இன்னும் காதில் இருக்கிறது.

86 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். ரிவர்ஸ் போட நாப்புக்கு அடியில் இருக்கிற வளையத்தைத் தூக்க வேண்டும். புதிய நாப்பின் அடிப்பாகம் அகலமாக இருந்தால் வளையம் மேலே எழும்ப இடம் இருக்காது. முன்னால் மட்டும் போகிற காராகிவிடும். வாங்கும் முன் பாருங்கள்.


ஸ்காபுரோ ரோட்ஸ்டர் | ஏப்ரல் 12, மாலை 6.45

தாளில் அழுத்திப் பார்த்தேன். எட்டுக்குச் சரியாக 10 மி.மீ. நன்றி அண்ணா.

கெட்ட செய்தி: உருண்டையைக் கழற்றும்போது உள்ளே இருந்து மினுமினு என்று தூள் கொட்டியது. லீவரின் மேல் மூன்று மரையும் நசிந்து போயிருக்கிறது. பழைய நாப்பும் இப்போது ஏற மாட்டேன் என்கிறது. படம் போட்டிருக்கிறேன், திட்டாமல் பாருங்கள்.


மூன்றாம் கியர் | ஏப்ரல் 12, மாலை 7.02

மரை கழண்டது காருக்கா, ஓட்டுகிறவருக்கா?

(சும்மா. நானும் அந்தக் கட்சிதான். பிறகு சொல்கிறேன்.)


கடைசல்காரர் கோவை | ஏப்ரல் 13, காலை 7.40

படம் பார்த்தேன். உயிர் போகவில்லை. மேலே மூன்று மரைதான் அடிபட்டிருக்கிறது, கீழே எல்லாம் சுத்தமாக இருக்கிறது. அதுதான் உங்களுக்கு வழிகாட்டி.

நேரான வழி, எம்10, 1.25 டை (வெளி மரை வெட்டுகிற கருவி) வாங்கி மேலிருந்து விடுவது. ஆனால் மேல் மரை நசிந்திருக்கும்போது டை கோணலாகப் பிடித்தால் புதிதாக ஒரு தப்பு மரை வெட்டிவிடும். கைப்பழக்கம் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது வேறு. எம்10, 1.25 நட் ஒன்று வாங்குங்கள், கெட்டியான எஃகில். ஹேக்சா பிளேடால் இரண்டு பாதியாக அறுங்கள். அறுத்த விளிம்பின் பிசிறை அரத்தால் எடுங்கள். இரண்டு பாதியையும் லீவரில் கீழே, நல்ல மரை இருக்கிற இடத்தில் இருபக்கமும் வைத்து, வைஸ் கிரிப்பால் கவ்வுங்கள். ரொம்ப நெருக்க வேண்டாம், மரையில் உட்கார்ந்தால் போதும். எண்ணெய் விட்டு, கழற்றுகிற திசையில் மெல்ல மேலே கொண்டுவாருங்கள். நல்ல மரையில் பிடித்துக்கொண்டு வருவதால், நசிந்த இடத்துக்கு வரும்போது அதை அதன் பழைய பாதையிலேயே நிமிர்த்திக்கொண்டு போகும். கால் சுற்று மேலே, கொஞ்சம் பின்னால், மறுபடி கால் சுற்று. நான்கைந்து தடவை.

தொடங்கும் முன் லீவரைச் சுற்றி ஈரத்துணி கட்டுங்கள். இரும்புச் சுருள் ஒன்றுகூட கீழே விழக்கூடாது. அந்தத் தோல் உறைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளும் நாள் செலவான நாளாக இருக்கும்.


வேதா மெக்கானிக்கல் | ஏப்ரல் 13, மதியம் 12.15

இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லையே. பாரமான நாப்.

லீவர் ஒரு நெம்புகோல். எண்ணத்துக்கு, கீல் புள்ளிக்கு மேலே கைவரை 20 செ.மீ., கீழே கியர்பெட்டிக்குள் 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 4. உங்கள் கையின் விசை கீழே நான்கு மடங்காகப் போகும், அது எல்லோருக்கும் தெரியும். நாப்பின் எடை மட்டும் கீழே இருந்து பார்க்கும்போது 4-இன் வர்க்கமாக, 16 மடங்காகத் தெரியும். 100 கிராம் நாப் என்றால் உள்ளே கியரை நகர்த்துகிற ஃபோர்க் என்ற கவைக்கு அது 1.6 கிலோ. அரைக் கிலோ உருண்டை என்றால் 8 கிலோ. அதனால்தான் வித்தியாசம் கையில் உடனே தெரிகிறது. அது மனப்பிரமை இல்லை.

ஆனால் அந்த எடை செய்வது என்ன? நியூட்ரலைத் தாண்டும்போது உங்கள் கை கொடுத்த வேகத்தை அது சேர்த்துவைத்துக்கொள்கிறது. கியர் விழும் முன் வேகங்களை ஒன்றாக்குகிற சிங்க்ரோ வளையம் முட்டி நிற்கிற அந்தக் கண நேரத்தில் திருப்பிக் கொடுக்கிறது. கையில் தட்டுகிற சின்னச் சின்ன முட்டல்கள் மழுங்கிப் போகின்றன. 'வெண்ணெய் மாதிரி விழுகிறது' என்கிறார்களே, அது இதுதான்.

சிங்க்ரோ செய்ய வேண்டிய வேலை மட்டும் ஒரு துளியும் குறையாது. கிளட்ச் தட்டையும் உள் தண்டையும் புதிய வேகத்துக்குக் கொண்டுவருவதுதான் அதன் வேலை. நாப் 100 கிராமா 500 கிராமா என்று அதற்குத் தெரியாது. தேய்ந்த சிங்க்ரோவுக்குப் பாரமான நாப் மருந்து என்று விற்பவர்களை நம்பாதீர்கள்.


மூன்றாம் கியர் | ஏப்ரல் 13, மாலை 5.50

வேதா சொன்னதன் கடைசிப் பத்தியை அச்சடித்து மாட்ட வேண்டும். இந்தப் பார உருண்டை மோகம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. காரின் மற்ற இடத்தில் எல்லாம் கிராம் கிராமாகக் குறைக்கிறோம், கையில் பிடிக்கிற இடத்தில் அரைக் கிலோ ஏற்றுகிறோம்.

போர்ஷே 917 ஞாபகம் இருக்கிறதா? 1970, 71 இரண்டு வருடமும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்த கார். அதன் கியர் நாப் பால்சா மரம். விளையாட்டு விமானம் செய்கிற அந்தக் கட்டை. எடைக்காகத்தான். பிற்பாடு போர்ஷே தன் கரேரா ஜிடி காரில் மர நாப் வைத்தது அதன் நினைவாக. ஹோண்டா 1992-இல் என்எஸ்எக்ஸ்-ஆர் செய்தபோது நாப்பை டைட்டானியத்தில் போட்டார்கள். எஃகைவிட லேசு.

என்னுடையது பிஎம்டபிள்யூ இசட்4, முதல் தலைமுறை. இதில் மரையே கிடையாது. நாப்பை நேராக மேலே இழுக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கேயும் எழுதாத ஒன்றைச் சொல்கிறேன்: இழுக்கும்போது முகத்தை நாப்புக்கு நேர் மேலே வைத்துக் குனிந்திருக்காதீர்கள். பலமாகப் பிடித்திருக்கும், பலமாக இழுப்பீர்கள், திடீரென்று விட்டுவிடும். எனக்கு மேலுதடு. மருத்துவமனையில் எப்படி அடிபட்டது என்று கேட்டார்கள். கார் நின்றுகொண்டிருந்தது என்றும் நான் மட்டும்தான் உள்ளே இருந்தேன் என்றும் சொன்னபோது அந்த நர்ஸ் பார்த்த பார்வை இருக்கிறதே.


கிள்ளான் 86 | ஏப்ரல் 13, இரவு 8.10

ஹஹ்ஹா. இரண்டு தையலா மூன்றா?

எடை இருக்கட்டும், சூட்டை யாரும் பேசவில்லை. மெருகேற்றிய எஃகு உருண்டையோடு திறந்தவெளி பார்க்கிங்கில் மதியம் மூன்று மணி நேரம் காரை விட்டுப் பாருங்கள். தோசைக்கல். நான் ஒரு வருடம் நாப்புக்குக் காலுறை மாட்டி வைத்திருந்தேன். மனைவி அந்தக் காரில் ஏறவே மறுத்துவிட்டாள், சூட்டுக்காக இல்லை, காலுறைக்காக.


யோகோஹாமாவாசி | ஏப்ரல் 14, காலை 6.30

இங்கே ஜப்பானில் இருந்து ஒரு குறிப்பு. ஒன்றுமே எழுதாத மொட்டை உருண்டையைப் போட்டால் ஷாக்கென் என்கிற வாகனப் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எந்தக் கியர் எங்கே என்ற படம் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நாப்பில் இல்லையென்றால் டாஷ்போர்டில் ஒரு ஸ்டிக்கராவது ஒட்ட வேண்டும். என் ரோட்ஸ்டரில் (எம்எக்ஸ்-5-க்கு இங்கே அதுதான் பெயர்; 2016, 1.5 லிட்டர், ஆறு கியர்) அப்படித்தான் ஒட்டியிருக்கிறேன். மற்ற நாடுகளில் சட்டம் எப்படியோ, காரை வாலே பார்க்கிங்கில் கொடுக்கும் பழக்கம் இருந்தால் ஒட்டிவிடுங்கள். ஐந்து கியர் எம்எக்ஸ்-5-இல் ரிவர்ஸ் வலப்பக்கம் கீழே, ஆறு கியர் புது வண்டியில் இடப்பக்கம் மேலே. தெரியாதவர் எதில் எதைப் போடுவார் என்று சொல்ல முடியாது.


கடைசல்காரர் கோவை | ஏப்ரல் 14, காலை 9.15

எடை, சூடு இரண்டுக்கும் சேர்த்து என் கணக்கு. 50 மி.மீ. உருண்டையின் கனஅளவு 65 கன செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே. எஃகில் கடைந்தால் துளை போக 500 கிராம். பித்தளை என்றால் இன்னும் 40 கூடும். டைட்டானியம் 290 பக்கம். அலுமினியம் 175-க்குள். டெல்ரின் என்கிற அந்த வெள்ளை அல்லது கறுப்பு பிளாஸ்டிக் கம்பி, 90 கிராம்.

டெல்ரினை எங்களிடம் பம்புக்கும் ஜவுளி மெஷினுக்கும் புஷ் கடையக் கொண்டுவருவார்கள். கத்தி பட்டால் சுருள் நூல் நூலாக வரும், கடைவதற்கே ஒரு சந்தோஷம். வெயிலில் கையைச் சுடாது, குளிரில் விரலைக் கடிக்காது. எடைப் பைத்தியம் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது அதுதான். எடையும் வேண்டும், சூடும் ஆகாது என்றால் நடுவில் எஃகு, வெளியே டெல்ரின் சட்டை. அப்படியும் கடைந்து கொடுத்திருக்கிறேன்.

உயரத்தையும் பாருங்கள். பழைய நாப்பைவிடப் புதியது 2 செ.மீ. தாழ்வாக உட்கார்ந்தால், 20 செ.மீ. லீவர் 18 ஆகிறது. கை நகரும் தூரம் பத்தில் ஒரு பங்கு குறையும், அந்த அளவுக்குப் பலம் கூடுதலாகப் போட வேண்டும். சிலர் இதைத்தான் 'ஸ்போர்ட்டியாக இருக்கிறது' என்பார்கள்.


வேதா மெக்கானிக்கல் | ஏப்ரல் 14, காலை 11.00

ஓட்டும்போது கையை நாப் மேலேயே வைத்துக்கொண்டு போகிறவர்கள் இங்கே எத்தனை பேர்? உண்மையைச் சொல்லுங்கள். நாப் பாரமா லேசா என்பதைவிட, சும்மா கிடக்கிற அந்தக் கையின் பாரம்தான் ஃபோர்க்கைத் தேய்க்கும். ஃபோர்க் நிற்கிறது, அது தள்ளுகிற ஸ்லீவ் என்ற வளையம் சுற்றுகிறது, நடுவில் உங்கள் கை அழுத்திக்கொண்டே இருக்கிறது.


மூன்றாம் கியர் | ஏப்ரல் 14, காலை 11.04

இந்த இழையைப் படித்துக்கொண்டே கையை எடுத்துவிட்டேன்.


கிள்ளான் 86 | ஏப்ரல் 14, காலை 11.20

ஓட்டிக்கொண்டே படிக்கிறீர்களா?


ஸ்காபுரோ ரோட்ஸ்டர் | ஏப்ரல் 18, இரவு 9.30

ஒரு கிழமை கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நட்டை அறுத்துக் கவ்வி நிமிர்த்துகிற வேலை சரிவந்தது! முதல் தடவை மேலே வரும்போது நறநற என்று ஒரு சத்தம், வயிற்றைக் கலக்கியது. நான்காவது தடவை விரலாலேயே சுழன்று வந்தது. கோவை அண்ணாவுக்கு ஒரு கும்பிடு. ஈரத்துணியைத் தூக்கிப் பார்த்தால் அதில் குண்டூசி நுனி அளவில் ஏழெட்டுத் துண்டு.

பழைய நாப் இப்போது பழையபடி ஏறுகிறது. இடையில் இங்கே ஒருவரிடமிருந்து எம்10, 1.25 மரை உள்ள கறுப்பு டெல்ரின் நாப் ஒன்றும் வாங்கிவிட்டேன். ஏறி இறுகுகிறது, ஆனால் 1-3-5 எழுத்து நேராக நிற்காமல் ஓட்டுநர் பக்கம் திரும்பி நிற்கிறது. இன்னும் திருகினால் எழுத்து கதவைப் பார்க்கும்.

அது சின்னப் பிரச்சினை. பெரியது வேறு. ஞாயிறு ஓட்டிப் பார்த்தேன். காலையில் குளிராக இருக்கும்போது இரண்டாம் கியர் முனகிக்கொண்டுதான் விழுகிறது. நாப் மாறினால் மாறும் என்று நினைத்தேன், மாறவில்லை. அதோடு நெடுஞ்சாலையில் அரை மணி ஓடினால் கியர் உறையைச் சுற்றி அடுப்படி மாதிரி சூடு வருகிறது. ஒரு எண்ணெய் மணமும் இருக்கிறது. போன வருடம் ஒரு கராஜில் காட்டினபோது 'பழைய கார், அப்படித்தான்' என்று அனுப்பிவிட்டார்கள்.


யோகோஹாமாவாசி | ஏப்ரல் 19, காலை 5.50

அப்படித்தான் இல்லை. நாப்பை மறந்துவிட்டு உறையைக் கழற்றுங்கள்.

அந்த ஐந்து கியர் பெட்டியில் லீவரின் கால் நேராகப் பெட்டிக்குள் போவதில்லை. மேலே டரெட் என்று ஒரு சின்னக் கிணறு, அதற்குத் தனி எண்ணெய். பெட்டியின் எண்ணெயை மாற்றினாலும் இது மாறாது, இதைத் தனியாகப் பார்க்க வேண்டும், பார்க்கிறவர்கள் குறைவு. அதை மூடுகிற உள் ரப்பர் உறை வயதாகி வெடிக்கும். வெடித்தால் கீழே இருக்கிற சூடும் மணமும் காருக்குள் வரும். லீவரின் நுனியில் ஒரு நைலான் கிண்ணம் இருக்கிறது, அதுவும் காலப்போக்கில் நொறுங்கும்.

வேலை கஷ்டமில்லை. வண்டி நியூட்ரலில், கை பிரேக் போட்டு. நாப்பைக் கழற்றி, நடுக் கன்சோலை எடுத்தால் வெளி உறை. அதற்குக் கீழே மூன்று போல்ட் பிடித்த தகடு. அதைக் கழற்றினால் லீவர் முழுசாக மேலே வரும். வரும்போது நைலான் கிண்ணம் அடியிலேயே தங்கிவிட்டால் அதையும் மீன்பிடித்து எடுக்க வேண்டும். மூன்று பொருள் வாங்கிவையுங்கள்: உள் உறை, வெளி உறை, கிண்ணம். 75டபிள்யூ-90 என்கிற கியர் எண்ணெய், நூறு மில்லிகூடத் தேவைப்படாது.


கடைசல்காரர் கோவை | ஏப்ரல் 19, காலை 8.20

எழுத்து திரும்பி நிற்பதற்கு: நாப்புக்குக் கீழே ஒரு செக் நட் போடுங்கள். எம்10, 1.25, மெல்லிசான நட். முதலில் நட்டைக் கீழே இறக்குங்கள். நாப்பைத் திருகி, எழுத்து நேராக வரும் இடத்தில் நிறுத்துங்கள். அப்புறம் நட்டை மேலே கொண்டுவந்து நாப்பின் அடியில் முட்டி இறுக்குங்கள். நாப்பை ஒரு கையால் பிடித்துக்கொள்ள மறக்கக்கூடாது, இல்லாவிட்டால் அதுவும் சேர்ந்து திரும்பும். செக் நட் கிடைக்கவில்லையா, குழாய்க்காரர்கள் சுற்றுகிற டெஃப்ளான் டேப்பை இரண்டு சுற்று. மரையை ஒட்டிப் பூட்டுகிற சிவப்பு லாக்டைட் பசை மட்டும் போடவே போடாதீர்கள். அடுத்த தடவை கழற்ற நெருப்பு காட்ட வேண்டிவரும், டெல்ரின் உருகிவிடும்.


ஸ்காபுரோ ரோட்ஸ்டர் | ஏப்ரல் 26, இரவு 11.10

பிரித்தேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினது, கன்சோலை எடுக்கவே ஒரு மணித்தியாலம் ஆகிவிட்டது, ஏனென்றால் ஒரு திருகாணி ஒளிந்திருந்தது. கன்சோலுக்கு அடியில் கிடைத்தவை: கனடா நாணயம் நான்கு டொலருக்கு மேல், ஒரு சிறுவனின் பிளாஸ்டிக் டைனோசர், 2009-ஆம் ஆண்டின் பார்க்கிங் ரசீது. வெளி உறை மடிப்பு மடிப்பாக வெடித்துக் கிடந்தது. உள் உறையோ, தூக்கினதும் கையில் இரண்டு துண்டாக வந்தது. ரப்பர் என்று சொல்ல முடியாது, காய்ந்த பனங்கிழங்குத் தோல் மாதிரி.

மூன்று போல்ட்டையும் கழற்றி லீவரை மேலே தூக்கினேன். டரெட்டுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தேன். எண்ணெய் என்று ஒன்றும் இல்லை. அடியில் கறுப்பாக, நல்லெண்ணெய்ப் போத்தலின் அடிமண்டி மாதிரி ஒரு பூச்சு, அதற்குள் நைலான் கிண்ணத்தின் ஒரு சில்லு. மற்றச் சில்லுகளைக் காந்தத்தால் எடுக்கலாம் என்று போய், நைலானைக் காந்தம் எடுக்காது என்பது பத்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. கடைசியில் அம்மாவின் நூல் கோக்கிற நீளக் கொக்கியால் எடுத்தேன்.

துடைத்து, புதுக் கிண்ணத்தை லீவரின் நுனியில் கிரீஸ் தடவி மாட்டி, எண்ணெயை மருந்தடிக்கிற சிரிஞ்சால் விட்டு, உறை இரண்டையும் போட்டு மூடினேன். நாப் இல்லாத மொட்டைக் கம்பியைப் பிடித்தே கராஜுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று போட்டுப் பார்த்தேன். அந்த உணர்வை எப்படிச் சொல்வது? முன்பு கஞ்சிக்குள் அகப்பையைத் துழாவுகிற மாதிரி இருக்கும், எது ஒன்று எது மூன்று என்று நம்பித்தான் போட வேண்டும். இப்போது ஒவ்வொன்றும் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துகிறது.

இன்று காலை 6 பாகையில் ஓடினேன். இரண்டாம் கியர் முதல் இரண்டு தரம் கொஞ்சம் முனகியது, சூடானதும் சரி. அந்த மிச்சம் சிங்க்ரோ என்று நினைக்கிறேன், வேதா அக்கா சொன்ன மாதிரி அதற்கு நாப் மருந்தில்லை. சூடு வருவது அடியோடு நின்றுவிட்டது. மணமும் இல்லை.


வேதா மெக்கானிக்கல் | ஏப்ரல் 27, காலை 10.40

அருமை. குளிரில் முதல் ஐந்து நிமிடம் இரண்டாவதைப் பொறுமையாகப் போடுங்கள், அல்லது நியூட்ரலில் கிளட்சை ஒரு தரம் விட்டு மிதித்துப் போடுங்கள். பெட்டி எண்ணெயையும் மாற்றிவிடுங்கள், கை ஏற்கெனவே அழுக்கு.

ஆமாம், எந்த நாப்பில் நின்றீர்கள்?


ஸ்காபுரோ ரோட்ஸ்டர் | ஏப்ரல் 27, மாலை 7.25

சிரிக்கக்கூடாது. பழையதில்.

டெல்ரினை இரண்டு நாள் போட்டு ஓடினேன். குறை ஒன்றும் இல்லை, செக் நட் போட்டதும் எழுத்தும் நேராக நின்றது. ஆனால் கை பழைய நாப்பின் வடிவத்தைத் தேடியது. கீழே ஒடுங்கி மேலே அகன்று, உள்ளங்கை மேலே கவியும்போது நடுவிரலும் மோதிரவிரலும் பக்கவாட்டில் இறங்குகிற அந்தப் பள்ளம் உருண்டையில் இல்லை. கெட்டது தோல்தானே, நாப் இல்லையே என்று தோன்றியது. கிழிந்த தோலை உரித்துத் தாளில் விரித்து அச்சு எடுத்தேன். பழைய கைப்பை ஒன்றிலிருந்து கறுப்புத் தோல் வெட்டினேன். அம்மா நாற்பது வருடம் சட்டை தைத்த கை. 'இதென்ன கத்தரிக்காய்க்குச் சட்டையா' என்று கேட்டுக்கொண்டே, தோலை வெந்நீரில் நனைத்து இழுத்துப் பிடித்து, மெழுகு நூலில் குறுக்குத் தையல் போட்டுத் தந்தார். காய்ந்ததும் இறுகி ஒட்டிக்கொண்டது. தையல் முதுகுப் பக்கம் வரும்படி வைத்தார், கையில் உறுத்தாது. படம் கீழே.


மூன்றாம் கியர் | ஏப்ரல் 27, மாலை 7.40

அம்மா ஆர்டர் எடுப்பார்களா? இசட்4-க்கு ஒன்று வேண்டும். நானே கழற்றமாட்டேன், காரோடு வருகிறேன்.


மழைநாள் விடிஇசி | ஏப்ரல் 28, காலை 9.00

இந்தத் தளத்துக்குப் புதிது, இழையை முழுக்கப் படித்தேன். மொன்றியலில் ஒரு எஸ்2000 வைத்திருக்கிறேன். அந்த எஃகு உருண்டை இன்னும் இருக்கிறதா? எம்10, 1.5 என்றால் என் லீவருக்குச் சரி.


ஸ்காபுரோ ரோட்ஸ்டர் | ஏப்ரல் 28, மதியம் 12.30

இருக்கிறது, மேசையில் தாள் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன். காசு வேண்டாம், தபால் செலவு மட்டும். ஆனால் உள் மரையில் என் மூர்க்கத்தின் அடையாளம் இருக்கும்.


கடைசல்காரர் கோவை | ஏப்ரல் 28, இரவு 9.50

எஃகுதானே, ஒன்றும் ஆகியிருக்காது. எம்10, 1.5 டேப் (உள் மரை வெட்டுகிற கருவி) ஒரு தரம் விட்டு எடுத்து, உள்ளே இருக்கிற தூளை ஊதிவிட்டு அனுப்புங்கள். மொன்றியல் தம்பி, முதல் ஐந்து சுற்று விரலால் மட்டும். விரலால் போகவில்லையென்றால் இங்கே வந்து கேளுங்கள்.


மழைநாள் விடிஇசி | மே 6, இரவு 8.15

வந்து சேர்ந்தது. விரலாலேயே கடைசி வரை போய்விட்டது. காலுறையும் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.